மூச்சு முட்டும் பெட்ரோல் டேங்க்: சென்சாரை மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் செய்துவரும் கோபிசெட்டிபாளையம் வட்டார வாசகர் ஒருவரிடமிருந்து வந்த கேள்வி:

"எங்களிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்று உள்ளது. மீட்டரில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது. பட்டறையில் ஸ்கேனர் வைத்துப் பார்த்து, பெட்ரோல் டேங்கின் பிரஷர் சென்சார் போய்விட்டது என்று புதிது போட்டார்கள். ரூ.6,500 ஆனது. நான்கே நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. இப்போது டேங்கை இறக்கி, உள்ளே இருக்கும் பம்பு செட்டையும் மாற்ற வேண்டும், ரூ.14,000 ஆகும் என்கிறார்கள். நடவுக் கூலிக்கு எடுத்து வைத்திருக்கும் பணம் அது. மாற்றலாமா, வேண்டாமா?"

சுருக்கமான பதில்: இப்போதைக்கு வேண்டாம். புதிய சென்சார் போட்ட பிறகும் அதே விளக்கு எரிகிறது என்றால், சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க டேங்கை இறக்கத் தேவையில்லை. பெரும்பாலான சோதனைகளை அரை நாளில் முடித்துவிடலாம்.

இந்தப் பதில் கிடைத்ததும் அந்த விவசாயி வண்டியை வேறொரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அங்கே நடந்தது மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகத் தரப்படுகிறது.

டேங்க் ஏன் மூச்சு விட வேண்டும்?

பெட்ரோல் டேங்க் என்பது வெறும் தகர டப்பா அல்ல. வண்டி ஓடி 30 லிட்டர் பெட்ரோல் தீர்ந்தால், அந்த இடத்தை நிரப்ப 30 லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். அதேபோல் வெயிலில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி உள்ளழுத்தம் கூடும். அந்த ஆவி வெளியே போக வழி வேண்டும். ஆக, டேங்க் உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் வேண்டியிருக்கிறது.

பழைய வண்டிகளில் மூடியில் ஒரு சிறு துளை இருந்தது. ஆவி நேராக வெளிக்காற்றில் கலந்தது. பெட்ரோல் ஆவி காற்றை மாசுபடுத்துவதால் இப்போது அப்படி விடுவதில்லை. டேங்கிலிருந்து ஒரு குழாய் 'கேனிஸ்டர்' என்ற கரி நிரப்பிய பெட்டிக்குப் போகிறது. ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். என்ஜின் ஓடும்போது 'பர்ஜ் வால்வு' திறந்து, என்ஜினின் உறிஞ்சும் விசை அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். அப்படி இழுக்கும்போது கேனிஸ்டருக்குள் புதுக்காற்று வர ஒரு காற்றுக்குழாய் உண்டு. அதன் முனை பெரும்பாலும் வண்டியின் அடியில், பின்பக்கம் இருக்கும். இந்தக் குழாய்தான் டேங்கின் மூக்கு. இந்தக் கதையில் முக்கியமான இடமும் அதுதான்.

டேங்க் அழுத்த சென்சார் இந்த அமைப்பைக் கண்காணிக்கிறது. டேங்கின் தலைப்பகுதியிலோ ஆவிக்குழாயிலோ பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் டேங்கின் அழுத்தம், மறுபக்கம் வெளிக்காற்று. சவ்வு எந்தப் பக்கம் வளைகிறதோ அதற்கேற்ப வோல்ட் மாறும். வண்டியின் கம்ப்யூட்டர் அதைப் படித்துக்கொள்ளும். இது அளப்பது மிகச் சிறிய அழுத்தம். பல கார்களில் சுமார் 35 செ.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான் இதன் உச்ச அளவு. டயருக்குப் பிடிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. அப்போது ஆவிக்குழாயில் 1 மி.மீ. அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்ற விதி வந்தது. பின்னர் அது 0.5 மி.மீ. ஆக இறுகியது. அதற்காகவே இந்த சென்சார் பரவலாயிற்று. நம் நாட்டுப் பெட்ரோல் கார்களில் கேனிஸ்டர் உண்டு. ஆனால் டேங்க் அழுத்த சென்சார் எல்லா மாடலிலும் இல்லை. ஆகவே செலவுக்கு ஒப்புக்கொள்ளும் முன், தன் வண்டியில் அது உண்டா, எங்கே இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லிக் கேட்பது உரிமையாளரின் உரிமை. டீசல் கார்களில் இந்த ஏற்பாடு கிடையாது.

சொட்டுநீர் மீட்டர் சொல்லும் பாடம்

சொட்டுநீர் அமைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறைப் புரிந்துகொள்வது எளிது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அழுத்த மீட்டர் இருக்கும். பின்பக்க மீட்டரில் முள் இறங்கிவிட்டது என்றதும் யாரும் கடைக்குப் போய்ப் புது மீட்டர் வாங்கி வருவதில்லை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவுகிறார்கள். மீட்டர் மேலேயே சந்தேகம் வந்தால் என்ன செய்கிறார்கள்? மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் முழுக்க இறங்கிய பின் பார்க்கிறார்கள். முள் பூஜ்யத்துக்கு வந்தால் மீட்டரை நம்பலாம். வராமல் நடுவில் நின்றால் மீட்டர் பழுது.

டேங்க் அழுத்த சென்சாருக்கும் இதே விதிதான். அழுத்தமே இல்லாத நிலையில் அது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டினால், பிறகு அது சொல்லும் மற்ற அளவுகளையும் ஓரளவு நம்பலாம். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, பெட்ரோல் மூடியைத் திறக்கும் நேரம் மட்டும்.

குறியீட்டைப் படிப்பது எப்படி?

விளக்கு எரிந்ததும் ஸ்கேனர் ஒரு குறியீட்டைக் காட்டும். அதில் வரும் பெயரை வைத்து உறுப்பை மாற்றுவதுதான் பணம் விரயமாகும் முதல் இடம். இந்த அமைப்பு சார்ந்த முக்கியக் குறியீடுகள் மூன்று வகை.

பி 0452, பி 0453: சென்சாரிலிருந்து வரும் வோல்ட் மிகக் குறைவு அல்லது மிக அதிகம். இவை மின்சாரக் கோளாறுகள். ஒயர், கனெக்டர், சென்சார் மூன்றில் ஒன்று. முதலில் பார்க்க வேண்டியது ஒயரை.

பி 0451, பி 0454: சென்சார் காட்டும் அளவு எதிர்பார்த்த வரம்பில் இல்லை, அல்லது விட்டு விட்டு மாறுகிறது. இங்கே சென்சார் தவறாக இருக்கலாம். டேங்கின் அழுத்தமே உண்மையில் கெட்டும் இருக்கலாம். சோதிக்காமல் முடிவு செய்ய முடியாது.

பி 0442, பி 0455, பி 0456: ஆவி கசிகிறது. சிறிது, பெரிது, மிகச் சிறிது என்ற வேறுபாடு மட்டுமே. இங்கே சென்சார் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தில் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

கோபி விவசாயியின் வண்டியில் இருந்தது பி 0451. முதல் பட்டறையில் 'டேங்க் பிரஷர் சென்சார்' என்ற பெயரைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிட்டார்கள். கழற்றிய பழைய சென்சாரைச் சோதித்துப் பார்க்கவில்லை.

அரை நாள் சோதனை

மூத்த மெக்கானிக் முதலில் கேட்டது சென்சாரைப் பற்றி அல்ல.

"பெட்ரோல் போடும்போது துப்பாக்கி சும்மா சும்மா நின்னு போகுதுங்களா?" என்றார்.

"ஆமாங்கண்ணா. ரெண்டு மாசமா அப்படித்தான். பங்க் பையன் 'மெதுவாத்தான் போகும்'னு சொல்லி மெல்ல மெல்லப் போடறான்."

"மூடியைத் திறந்தா உஸ்னு சத்தம் வருதுங்களா?"

"வருதுங்க. வெயிலுக்கு அப்படித்தான்னு விட்டுட்டேன்."

இந்த இரண்டு பதில்களிலும் பாதி விடை இருந்தது. பெட்ரோல் உள்ளே போகும்போது உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் வெளியேற வேண்டும். வெளியேற வழி அடைபட்டால் பெட்ரோல் குழாய்க் கழுத்தில் மேலேறி வந்து பங்க் துப்பாக்கியைத் தானாக நிறுத்தும். மூடியைத் திறக்கும்போது லேசான சத்தம் வெயிலில் இயல்புதான். ஆனால் ஒவ்வொரு முறையும், காலைக் குளிரில்கூட, காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் பலமாக வந்தால் அது இயல்பல்ல.

அதன் பிறகு அவர் செய்தவை வரிசையாக:

1. குறியீட்டை அழிக்கவில்லை. அதோடு பதிவாகியிருந்த விவரங்களையும் (எந்த வேகத்தில், எவ்வளவு சூட்டில், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தபோது கோளாறு பதிவானது என்பவை) தாளில் குறித்துக்கொண்டார். குறியீட்டை அழித்தால் இந்த விவரங்களும் போய்விடும்.

2. மூடியைப் பார்த்தார். ரப்பர் வளையம் வெடிக்கவில்லை. திருகினால் 'டிக் டிக்' சத்தத்தோடு இறுகியது. மூடி நலம்.

3. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, மூடியைத் திறந்து சில நிமிடம் விட்டார். சாவியைப் போட்டு, என்ஜினை ஓட விடாமல் ஸ்கேனரில் சென்சார் அளவைப் பார்த்தார். பூஜ்யம். இது முதல் சாட்சி. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: சில கார்களில் சென்சார் வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் முழு அழுத்தத்தையும் காட்டும் வகையாக இருக்கும். அப்போது பூஜ்யத்துக்குப் பதில் வெளிக்காற்றழுத்தமான சுமார் 100 கிலோ பாஸ்கல் வரும். எந்த வகை என்பதை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. கனெக்டரைக் கழற்றி மல்ட்டிமீட்டரால் பார்த்தார். மூன்று ஒயர்களில் ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும், ஒன்று எர்த், மூன்றாவது சென்சார் தரும் செய்தி. 5 வோல்ட் வந்தது, எர்த் நன்றாக இருந்தது. களத்து மேட்டிலும் மாட்டுக்கொட்டகையிலும் நிற்கும் கார்களில் எலி கடித்த ஒயரும், சேறு புகுந்து பச்சை பூத்த கனெக்டரும் அதிகம். அது எதுவும் இங்கே இல்லை.

5. கனெக்டரை மாட்டி, மூடியை இறுக்கி, என்ஜினை ஓடவிட்டு ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். பர்ஜ் வால்வு வேலை செய்யத் தொடங்கியதும் அளவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. சிறிது இறங்கி நின்றுவிட்டால் சரி. ஆனால் அது இறங்கிக்கொண்டே போயிற்று. என்ஜினை நிறுத்திய பிறகும் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. மூடியைத் திறந்தார். பலமாக 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. உடனே அளவு பூஜ்யத்துக்கு வந்தது.

இதோடு வழக்கு தெளிந்தது. உள்ளே உண்மையாகவே வெற்றிடம் இருந்தது. சென்சார் அதை உள்ளபடியே சொல்லியிருக்கிறது. பழைய சென்சாரும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும்.

6. மிச்சம் இருந்த கேள்வி ஒன்றுதான்: காற்று ஏன் உள்ளே வரவில்லை? வண்டியை ஏற்றத்தில் ஏற்றி, கேனிஸ்டரிலிருந்து வரும் காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு மறுபடி என்ஜினை ஓடவிட்டார். இம்முறை அளவு பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. ஆகக் கேனிஸ்டரும் வால்வும் நலம், அடைப்பு அந்த ஒரு முழக் குழாயில்தான்.

குழாயின் முனையில் கெட்டியான மண் உருண்டை. மெல்லிய கம்பியால் நோண்டியபோது உலர்ந்த சேறும், அதற்குப் பின்னால் சிறு சிறு சிலந்திகளும் வெளியே வந்தன. மண் குளவிக் கூடு.

குழாயைத் தனியே கழற்றிக் கழுவி, உலர்த்தி, மாட்டினார்கள். எந்த உறுப்பும் வாங்கவில்லை. கூலி மட்டும் கொடுத்துவிட்டு விவசாயி வீடு திரும்பினார். நடவுக்கூலிப் பணம் நடவுக்கே போயிற்று. முதலில் கொடுத்த ரூ.6,500 மட்டும் போனது போனதுதான்.

முதல் பட்டறையில் விளக்கு ஏன் அணைந்தது?

"சென்சார் மாத்தின உடனே விளக்கு அணைஞ்சுதுங்களே, அது எப்படி?" என்று விவசாயி கேட்டார். நியாயமான கேள்வி. பலர் ஏமாறும் இடமும் இதுவே.

விளக்கு அணைந்தது சென்சாரால் அல்ல. ஸ்கேனரில் குறியீட்டை அழித்ததால். வண்டியின் கம்ப்யூட்டர் இந்தச் சோதனையை எல்லா நேரமும் நடத்துவதில்லை. என்ஜின் இரவெல்லாம் ஆறியிருக்க வேண்டும், டேங்க் முழுதாகவும் இருக்கக்கூடாது, காலியாகவும் இருக்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. அவை கூடிவரும்போது சோதனை நடக்கும். பல கார்களில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கோளாறு தென்பட்டால்தான் விளக்கு எரியும். ஆகவே குறியீட்டை அழித்த நாளிலிருந்து சில நாட்கள் விளக்கு அணைந்திருப்பது குணமானதற்குச் சாட்சி அல்ல. ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிய பிறகும் விளக்கு வராமல் இருந்தால்தான் பழுது நீங்கியது என்று கொள்ளலாம்.

பயிர் மஞ்சளாகத் தெரிந்ததும் யூரியா போடுவதும் இதே தவறுதான். துத்தநாகக் குறையா, தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டுகிறதா என்று பார்க்காமல் போட்ட யூரியாவில் நான்கு நாள் பச்சை தெரியும். பிறகு பழைய கதை.

சிலந்திக்காகத் திரும்பப் பெற்ற கார்கள்

ஒரு பூச்சி காரை நிறுத்துமா என்று வியக்க வேண்டாம். 2011இல் மாஸ்டா நிறுவனம் தன் 'மாஸ்டா 6' கார்களில், அமெரிக்காவில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. காரணம், மஞ்சள் நிறப் பைச்சிலந்தி என்ற ஒருவகைச் சிலந்தி கேனிஸ்டரின் காற்றுக்குழாயில் வலை பின்னியதுதான். குழாய் அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் கூடி, டேங்கில் விரிசல் விட்டுப் பெட்ரோல் கசியலாம், தீப்பிடிக்கலாம் என்பதே அச்சம். 2014இல் அதே காரணத்துக்காக மேலும் சுமார் 42,000 கார்கள் அழைக்கப்பட்டன. சிலந்தி பெட்ரோல் வாடைக்கு ஈர்க்கப்பட்டு வருவதாகச் சொல்லப்பட்டது.

35 செ.மீ. தண்ணீர் அளவு அழுத்தம் என்பது சிறியதாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் தெரியும். 60 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் உள்ள ஒரு டேங்கின் மேல்பரப்பில் அந்த வெற்றிடம் தரும் சுமை சுமார் 105 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டையை டேங்கின் மேல் ஏற்றி வைத்தது போல. அதைத் தாண்டி வெற்றிடம் வளர்ந்தால் டேங்க் ஒடுங்குவதும் விரிசல் விடுவதும் நடக்கக்கூடியதே. எனவே 'விளக்குதானே, எரிந்துவிட்டுப் போகட்டும்' என்று விடுவதும் தவறு.

நெல் வயலில் சிலந்தி புகையானைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது. மண் குளவி சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கூட்டில் அடைத்துத் தன் புழுவுக்கு உணவாக வைக்கிறது. எதுவும் காருக்குப் பகை அல்ல. துளை கண்ட இடத்தில் கூடு கட்டுவது அவற்றின் இயல்பு. வாரக்கணக்கில் நகராமல் நிற்கும் வண்டிதான் அவற்றுக்கு வசதி. களத்திலும் கொட்டகையிலும் கார் நிறுத்துபவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சர்வீஸ் சமயத்தில் காற்றுக்குழாயின் முனையைப் பார்க்கச் சொல்வது போதும். முனையைத் துணியாலோ பஞ்சாலோ அடைக்கக்கூடாது. அது குளவி செய்யும் வேலையை நாமே செய்வதாகும்.

சென்சார் உண்மையிலேயே பழுது என்று எப்போது சொல்லலாம்?

சென்சாரும் கெட்டுப்போகும் பொருள்தான். கீழ்க்கண்ட நிலைகளில் அதை மாற்றுவது சரி.

மூடியைத் திறந்து நீண்ட நேரம் விட்ட பிறகும் பூஜ்யம் காட்டாமல் ஏதோ ஓர் அழுத்தத்தையே காட்டினால். (ஒயரும் கனெக்டரும் நன்றாக இருக்கின்றன என்று உறுதி செய்த பிறகு.)

5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக வந்தும், செய்தி ஒயரில் அளவு ஒரே இடத்தில் உறைந்து நின்றால். கைப்பம்பால் சென்சாருக்கு மிக லேசான வெற்றிடம் கொடுக்கும்போது அளவு அசைய வேண்டும், விட்டதும் திரும்ப வேண்டும்.

ஒயரை அசைக்காதபோதும் அளவு காரணமின்றித் தாவிக் குதித்தால்.

இந்தச் சோதனைக்கு வாயால் ஊதுவதோ, டயர் கம்ப்ரஸரின் காற்றை விடுவதோ கூடவே கூடாது. சென்சாரின் சவ்வு கிழிந்துவிடும், டேங்கும் பிளக்கலாம். வோல்ட் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பல வண்டிகளில் பூஜ்ய அழுத்தத்தில் 2.5 வோல்ட்டை ஒட்டி வரும், சிலவற்றில் 1.5 வோல்ட்டை ஒட்டி வரும். ஒரு வண்டியின் அளவை வைத்து இன்னொன்றுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம். 'இது கெட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?' என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். இந்த வேலைகளை மூடிய கொட்டகையில் செய்யக்கூடாது. பக்கத்தில் பீடி, அடுப்பு, மோட்டார் ஸ்டார்ட்டர், வெல்டிங் எதுவும் கூடாது. டேங்கை இறக்க நேர்ந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகே தொட வேண்டும். கசிவு எங்கே என்று தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பட்டறைகளில் இதற்கென்று புகை செலுத்திப் பார்க்கும் கருவி இருக்கிறது. புகை வெளிவரும் இடமே ஓட்டை.

இதே பொருளில் வந்த மற்ற கேள்விகள்

கேள்வி: விளக்கு எரியும்போது வண்டியை ஓட்டலாமா?

பதில்: விளக்கு நிலையாக எரிந்து, பெட்ரோல் வாடை இல்லாமல், வண்டி இயல்பாக ஓடினால் பட்டறை வரை ஓட்டிச் செல்லலாம். பெட்ரோல் வாடை வந்தாலோ, அடியில் சொட்டினாலோ உடனே நிறுத்த வேண்டும். விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரிந்தால் அது வேறு கோளாறு. பிளக் சரியாக எரியாததன் அறிகுறி. அப்போதும் ஓட்டக்கூடாது.

கேள்வி: பங்கில் துப்பாக்கி நின்ற பிறகும் கழுத்து வரை நிரப்பச் சொல்வது வழக்கம். தவறா?

பதில்: தவறு. துப்பாக்கி முதல் முறை நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஊற்றும் பெட்ரோல் ஆவிக்குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குள் திரவமாகவே போகலாம். கரி நனைந்து வீணாகும். அப்போது கேனிஸ்டரை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. அரை லிட்டருக்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் செலவு.

கேள்வி: கேனிஸ்டரையே கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை தீருமே?

பதில்: தீராது. ஆவி வெளியே கசிந்து நெருப்பு அபாயம் கூடும். கம்ப்யூட்டர் அதைக் கசிவாகப் பதிவு செய்து விளக்கை எரித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: டிராக்டரில் இந்த சென்சார் இல்லை. ஆனால் உழவில் அரை மணி நேரம் ஓடியதும் என்ஜின் இழுக்காமல் நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. மறுபடி அதே கதை. பம்பைச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள்.

பதில்: பம்பைத் தொடும் முன் டேங்க் மூடியைப் பார்க்க வேண்டும். டிராக்டர் டீசல் டேங்க் மூச்சு விடுவது பெரும்பாலும் மூடியில் உள்ள சிறு துளை வழியாக. புழுதியும் டீசலும் சேர்ந்து அது அடைபடும். மழைக்குப் பயந்து மூடி மேல் பாலிதீன் பை கட்டுவதாலும் அடைபடும். டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, டீசல் வருவது நின்றுபோகும். சிறிது நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

சோதனை எளிது. என்ஜின் திணறத் தொடங்கும் அந்த நொடியில் மூடியைச் சற்றுத் தளர்த்த வேண்டும். காற்று இழுக்கும் சத்தம் வந்து, என்ஜின் பிடித்துக்கொண்டால் குற்றவாளி மூடிதான். டீசலில் கழுவி, துளையை ஊதிச் சுத்தம் செய்து மாட்டினால் போதும். மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை என்றால், அடுத்து வண்டல் கிண்ணம், ஃபில்டர், டீசல் குழாயில் காற்று புகுந்திருப்பது என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பம்பு கடைசியில்தான். மூடியைத் திறந்தே வைத்து ஓட்டுவது தீர்வாகாது. புழுதியும் தண்ணீரும் உள்ளே போனால் அப்போது பம்பு உண்மையிலேயே கெடும்.

பவர் ஸ்பிரேயரும் புல்வெட்டும் இயந்திரமும் பத்து நிமிடம் ஓடி நின்றால், அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது மூடிதான்.